கட்டாவும் ரண்டோரியும்: தற்காப்புக் கலைகளில் மரபும் கலப்பும்

தற்காப்புக் கலைகளைப் பற்றி இக்காலத்தில் எழுதுவோர் அவற்றை இரண்டாகப் பகுத்துக்கொள்வது வழக்கம். ஆசிரிய மரபில் கையளிக்கப்பட்டு வந்த கராத்தே, குங்ஃபூ, சிலம்பம் முதலியவற்றை மரபுக் கலைகள் என்பர். குத்துச்சண்டை, மற்போர், தாய்லாந்தின் முவே தாய், பிரேசிலின் ஜியு-ஜிட்சு ஆகியவற்றை ஒருங்கு சேர்த்துப் பயிலும் முறையைக் கலப்புத் தற்காப்புக் கலை என்பர். முன்னதைப் போற்றுவோர் பின்னதை அடிதடி என்று இகழ்வர். பின்னதைப் போற்றுவோர் முன்னதைக் கூத்து என்று நகையாடுவர். இப்பகுப்பு வரலாற்றோடு பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். இரண்டனையும் வேறுபடுத்துவது பழமையோ புதுமையோ அன்று, பயிலும் முறையே என்பது நம் கருத்து. இதற்குரிய சான்றுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கும் நாடு ஜப்பான் ஆதலின், அந்நாட்டு வரலாற்றை முதற்கண் எடுத்துக்கொள்வோம்.

ஜப்பானியர் பயிற்சியை இருவகைப்படுத்துவர். ஒன்று கட்டா, மற்றொன்று ரண்டோரி. கட்டா என்பதற்கு வடிவம் என்பது பொருள். ஒருவன் இன்னவாறு தாக்க, மற்றவன் இன்னவாறு தடுக்கவேண்டும் என முன்னரே வரையறுக்கப்பட்ட அசைவுகளை முறை பிறழாமல் செய்வது அது. தனியே நின்று செய்யும் கட்டாக்களும் உண்டு. ரண்டோரி என்பது, அடுத்து வருவது இன்னதென்று அறியாத நிலையில் இருவரும் ஒருவரையொருவர் வீழ்த்த முயல்வது. முன்னதில் எதிரே நிற்பவன் ஒத்துழைக்கிறான். பின்னதில் அவன் எதிர்க்கிறான். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பிற யாவும் தெளிவாகும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கு நம் காலத்தில் தோன்றியதன்று. வாட்பயிற்சியில் அது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அதற்கு முன்னர்ப் பெரும்பாலான வாட்பள்ளிகளில் மரவாள் கொண்டு கட்டா பயில்வதே வழக்கமாக இருந்தது. மரவாளால் உண்மையாகவே அடித்தால் எலும்பு முறியும்; ஆதலின் அடியை உடலுக்கு முன்னே நிறுத்தவேண்டியிருந்தது. ஜிகிஷின்காகே பள்ளியைச் சேர்ந்த நாகனுமா குனிசாத்தோ 1711-1715 காலப்பகுதியில் மூங்கில் வாளும் காப்புக் கவசமும் கொண்டு முழு வலியுடன் அடித்துப் பயிலும் முறையை வளர்த்தார். பின்னர், 1751-1764 காலப்பகுதியில் இத்தோ பள்ளியைச் சேர்ந்த நாக்கானிஷி சூசோ அக்கவசத்தை மேலும் திருத்தினார். மூங்கில் வாள் உண்மை வாள் ஆகாது, கவசம் அணிந்தவன் அச்சம் அறியான், ஆதலின் இம்முறை வாட்கலையைக் கெடுக்கும் என்று பழைய முறையினர் மறுத்தனர். எதிர்ப்பவனை அடித்தறியாதவன் வாட்கலை அறிந்தவன் ஆகான் என்பது புதிய முறையினர் விடை. இன்று கேட்கப்படும் இருதரப்பு வாதங்களும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே முழுமையாகக் கூறப்பட்டுவிட்டன என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வழக்கு வெறுங்கைப் போரில் தெளிந்த வடிவம் பெற்றது கானோ ஜிகோரோ (1860-1938) என்பவரால் ஆகும். அவர் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தென்ஜின் ஷின்யோ, கித்தோ என்னும் இரண்டு பழைய ஜூஜுட்சுப் பள்ளிகளின் முறைகளைக் கற்றவர். 1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில் கோடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார்; முதலில் வந்த மாணவர் ஒன்பதின்மர். அவர் தம் முறைக்கு ஜூடோ எனப் பெயரிட்டார்.

ரண்டோரி கானோ புதிதாகக் கண்டதன்று. அவர் கற்ற பழைய பள்ளிகளிலேயே அதன் வித்து இருந்தது. அவர் செய்தது அதனைப் பயிற்சியின் நடுவிடத்தில் வைத்ததே. அதற்காக அவர் பழைய நுட்பங்களை இரண்டாகப் பிரித்தார். உடலின் மென்மையான இடங்களிற் குத்துவது, உதைப்பது போன்ற ஊறு விளைப்பவற்றைக் கட்டாவில் மட்டும் வைத்தார். எறிதல், அழுத்திப் பிடித்தல், கழுத்தை நெரித்தல், மூட்டை மடக்குதல் ஆகியவற்றை ரண்டோரிக்கு உரியனவாக்கினார். மூட்டுகளுள் முழங்கை ஒன்றையே மடக்கலாம் என்னும் வரம்பு பின்னர் ஏற்பட்டது. கீழே விழுபவன் ஊறுபடாமல் விழுவதற்கும் தனிப்பயிற்சி வகுக்கப்பட்டது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஊறு மிக்க நுட்பங்களை விலக்கினால் போர்த்திறன் குறையாதோ எனின், குறையாது என்பது வரலாறு காட்டும் விடை. கண்ணைக் குத்தும் நுட்பத்தை ஒருவன் வாழ்நாள் முழுவதும் பாவனையாகவே பயிலவேண்டும். எதிர்ப்பவன்மேல் ஒருமுறையேனும் அதனைச் செய்து பார்க்க இயலாது. எறியும் நுட்பத்தையோ நாள்தோறும் பலமுறை, முழு வலியுடன், வீழ மறுப்பவன்மேல் செய்து பார்க்கலாம். பிழை உடனே தெரியும்; மறுநாள் திருத்தலாம். ஊறு குறைந்த நுட்பமே பயிற்சியால் உறுதி மிக்கதாகிறது.

இனிக் கராத்தேயை நோக்குவோம். மரபுக்கலை என்றவுடன் வெள்ளுடை அணிந்த மாணவர் வரிசையாக நின்று, ஆசிரியர் எண்ணும் எண்ணுக்கேற்ப ஒருசேரக் குத்தும் காட்சியே பலர் நினைவுக்கு வரும். இது தொன்மையானதன்று. ஒக்கினாவாத் தீவில் ஒரு சிலர்க்கு மட்டும் கற்பிக்கப்பட்டு வந்த அக்கலையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசு ஆன்க்கோ பள்ளிக்கூடங்களிற் புகுத்தினார். சிறுவர்க்கென அவர் அமைத்தவையே பின்னான் என்னும் ஐந்து கட்டாக்கள். ஃபுனாகோஷி கிச்சின் டோக்கியோவில் அதனைச் செய்து காட்டியது 1922-இல் ஆகும். பழைய மரபு என்று நாம் கருதும் வகுப்புமுறை, பள்ளி உடற்பயிற்சியின் தேவையால் உருவானது என்பது தெளிவு.

கலப்புக் கலையின் தோற்றத்தை ஆராய்ந்தால் அதுவும் மரபின் கிளையே என்பது விளங்கும். கோடோகனில் பயின்ற மயேதா மித்சுயோ (1878-1941) 1904-இல் அமெரிக்கா சென்றார். பல நாடுகளில் மல்லரோடும் குத்துச்சண்டை வீரரோடும் பொருது, 1914-இல் பிரேசிலை அடைந்து, பின்னர்ப் பெலெம் நகரில் தங்கினார். அவர் வழிவந்த பயிற்சியைக் கிரேசி குடும்பத்தினர் பெற்றுத் தரையிற் கிடந்து பொரும் முறையைப் பெரிதும் வளர்த்தனர். 1951-இல் ரியோ டி ஜெனிரோவில் ஜூடோ வீரர் கிமுரா மசஹிக்கோ எலியோ கிரேசியைத் தோள்மடக்குப் பிடியால் வென்றார்; தோற்றவர் குடும்பத்தினரே அப்பிடிக்குக் கிமுரா எனப் பெயரிட்டு இன்றளவும் கற்பித்து வருகின்றனர்.

1993 நவம்பர் 12-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பல்வேறு கலைகளைச் சேர்ந்த எண்மர் பொருத முதல் அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப் போட்டி நடைபெற்றது. அதில் எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். தரைப்போர் அறியாதோர் தரையில் வீழ்ந்தபின் செய்வதறியாது நின்றனர் என்பதே அன்று கண்ட உண்மை. அதன்பின்னர் யாவரும் யாவற்றையும் கற்கத் தலைப்பட்டனர். எடைப்பிரிவு, கையுறை, காலவரையறை ஆகியன ஏற்பட்டு, 2000-2001-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பொதுவிதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே கலப்புக் கலை மரபை மறுத்துப் பிறந்ததன்று. கானோ நடுவிடத்தில் வைத்த ரண்டோரியைப் பிற கலைகளுக்கும் விரித்ததே அதன் பயிற்சிமுறை.

இத்துணையும் நோக்கின் கட்டாவால் பயனில்லை என்று சிலர் முடிவு கட்டலாம். அம்முடிவு அவசரமானது. எதிர்ப்புப் பயிற்சிக்கு விதி வேண்டும். விதி ஏற்பட்டால் அவ்விதிக்குள் அடங்குவதே வளரும், அடங்காதது மறையும். 2010-இலும் 2013-இலும் பன்னாட்டு ஜூடோக் கூட்டமைப்பு, கையால் காலைப் பற்றி வீழ்த்துவதைக் கட்டுப்படுத்திப் பின் முற்றும் விலக்கியது. எதிரியைத் தோளின்மேல் சுமந்து எறியும் கட்டா-குருமா என்னும் நுட்பம் அதன் பழைய வடிவில் போட்டியினின்று நீங்கிற்று. ஆயின் அது அழிந்துபோகவில்லை. எறிதல்களுக்கென அமைந்த நாகே-நோ-கட்டாவில் மூன்றாவதாக அஃது இன்றும் பயிலப்படுகிறது. போட்டி கைவிட்டதைக் கட்டா காத்தது. மொழிக்கு வழக்கும் செய்யுளும் எவ்வாறோ, இக்கலைகளுக்கு ரண்டோரியும் கட்டாவும் அவ்வாறு எனலாம். வழக்கிழந்த சொல்லைச் செய்யுள் காப்பது போலக் கட்டா பழைய நுட்பத்தைக் காக்கிறது. ஆனால் செய்யுளை மட்டும் மனப்பாடம் செய்தவன் அம்மொழியிற் பேச வல்லவன் ஆகான்.

இவ்வாராய்ச்சியால் தமிழ் ஆய்வாளர் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தமிழர் போர்க்கலை பற்றி எழுதுவோர் பலர் அதன் தொன்மையை நிறுவுவதிலேயே முயற்சியைச் செலவிடுகின்றனர். காஞ்சிபுரத்துப் போதிதருமரே சீனத்துக்குக் குங்ஃபூவைக் கொண்டு சென்றார் என்பது அத்தகைய கூற்று. 2011-இல் வெளிவந்த ஏழாம் அறிவு என்னும் திரைப்படத்தால் அது மேலும் பரவிற்று. போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல் கி.பி. 547-ஐச் சார்ந்தது, அஃது அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்த பழைய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இவ்விரண்டிலும் காஞ்சியும் இல்லை, போர்க்கலையும் இல்லை. அவர் பெயரால் வழங்கும் யிஜின்ஜிங் என்னும் உடற்பயிற்சி நூல் 1624-ஐ ஒட்டி எழுந்தது. இக்கதை பிற்காலத்தது எனச் சீன வரலாற்றறிஞர் டாங் ஹாவ் 1930-இலேயே எடுத்துக்காட்டினார்.

இக்கதையின் துணை நமக்கு வேண்டுவதில்லை. புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற நிகழ்ச்சியைப் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் மடித்து ஊன்ற, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறத்தே வளைய நின்ற நிலையை அப்பாட்டுக் காட்டுகிறது. எதிர்ப்பவனோடு உடலுற்றுப் பொருத போரை நேரிற் கண்டார் கூற்றுப்போல இஃது அமைந்துள்ளது. முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பூண்டதும் மல்லுக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

எனவே, ஒரு கலை எத்துணைப் பழமையானது என்று வினவுவதினும், அதனை எவ்வாறு பயின்றனர், எதிர்ப்பவனோடு பயின்றனரா, எவ்விதிகளுக்கு உட்பட்டுப் பொருதனர் என்று வினவுதலே ஆய்வுக்கு உரியது. சிலம்பத்தில் சுவடும் வீச்சும் வரிசையாகக் கற்பிக்கப்படுகின்றன. கோல் உடலைத் தொட்டதைக் கொண்டு வெற்றி கணிக்கும் போட்டியும் நடைபெறுகிறது. போட்டியின் விதி சுவடுகளுள் எவற்றை வளர்க்கிறது, எவற்றைக் கைவிடச் செய்கிறது என்பதை ஆசான்மாரிடம் நேரிற் சென்று கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். போட்டி கைவிட்டவை ஆசான்மாரின் உடற்பயிற்சியில் மட்டுமே எஞ்சியிருக்கும். அவை ஏட்டில் இல்லை. அவர்களோடு அவை மறையுமுன் அப்பணியை மேற்கொள்வது முதுகலை மாணவர் கடனாகும்.