பேசாத உறுப்பும் பேசிய விழியும்

நோவு என்பது உடல் நமக்கு எழுதும் விண்ணப்பம். பல்லில் சொத்தை விழுந்தால் இரவு உறக்கம் கெடுகிறது. காலில் முள் தைத்தால் நடை தடைப்படுகிறது. உடனே மருத்துவரைத் தேடிப் புறப்படுகிறோம். ஆனால் எந்த விண்ணப்பமும் எழுதாமல், தன் பணியை இயன்ற மட்டும் செய்துகொண்டே, சிறிது சிறிதாக அழிந்துபோகும் உறுப்பு ஒன்றும் நம் உடலில் உண்டு. முதுகெலும்பின் இரு மருங்கிலும் மறைந்திருக்கும் சிறுநீரகமே அது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடித்தெடுத்து, வேண்டியதை மீட்டுக்கொண்டு, வேண்டாத ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றுகின்றன. இவ்வடிகட்டிகளில் பாதி பாழ்பட்ட பின்னரும் மனிதன் உண்பான், உறங்குவான், வாணிபம் செய்வான். கால் வீங்கி, உணவு வெறுத்து, மூச்சுத் திணறும்போதோ காலம் பெரிதும் கடந்திருக்கும்.

இத்தகைய பேசாத உறுப்பின் நோயை முன்கூட்டி அறிவது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடிய இருநூறாண்டு வரலாற்றில், எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது. அந்தச் சாட்சி, கண்.

கரண்டியும் மெழுகுவர்த்தியும்

லண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட் என்பாரிடமிருந்து இவ்வரலாறு தொடங்குகிறது. உடல் முழுதும் நீர் கோத்து வீங்கி மடியும் நோயாளிகளை அந்நாளைய மருத்துவர்கள் நாள்தோறும் கண்டனர், காரணம் அறிந்தாரில்லை. பிரைட் செய்த சோதனையோ மிக எளியது. நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவது போன்று அதுவும் திரண்டு வெளுத்தது. உடலில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அத்தகையோர் இறந்த பின் உடலை அறுத்துப் பார்த்தபோது அவர்தம் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தன. வீக்கம், வெண்கரு கலந்த சிறுநீர், பழுதுற்ற சிறுநீரகம் என்னும் மூன்றையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக அவர் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் நிறுவியது.

பிரைட் அத்துடன் நிற்கவில்லை. 1836-இல் நூறு நோயாளிகளின் உடற்கூற்று விவரங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். 1842-இல் 42 படுக்கைகள் கொண்ட இரண்டு கூடங்களைச் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே ஆறு மாத காலம் ஒதுக்கச் செய்து, அருகிலேயே ஒரு சிறிய ஆய்வுக்கூடமும் அமைத்தார். நோயாளியின் படுக்கையையும் ஆராய்ச்சி மேசையையும் அருகருகே கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

அந்நோயாளிகளுள் சிலருக்குப் பார்வை மங்கியது. சிலர் பார்வையையே இழந்தனர். பிரைட் அதனையும் குறித்து வைத்தார். ஆயினும் இடுப்புக்கு மேலே மறைந்துள்ள உறுப்பின் நோய் கண்ணை ஏன் தாக்க வேண்டும்? வெளிப்பார்வைக்குக் கண் தெளிவாகவே இருந்தது. நோயாளியும் ஒன்றும் காணாத, மருத்துவரும் ஒன்றும் காணாத நோய் என்று இத்தகைய பார்வையிழப்பை அக்காலத்தவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையில் பொதிந்திருந்தது மருத்துவத்தின் இயலாமை.

கருமணியின் இரகசியம்

கண்ணின் நடுவே உள்ள பாவை ஏன் கருமையாகத் தோன்றுகிறது? உள்ளே நுழையும் ஒளி, வந்த வழியே திரும்புகிறது. அதனைக் காண வேண்டுமாயின் காண்பவரின் கண்ணும் அதே வழியில் இருத்தல் வேண்டும். ஆனால் அவர் தலையை அங்கே வைத்தால் விளக்கின் ஒளியே மறைந்துவிடும்! இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கோனிக்ஸ்பெர்க் நகரில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மாணவர்களுக்கு விரிவுரை ஆயத்தம் செய்கையில் அவருக்கு இந்த எண்ணம் உதித்தது. மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாகப் பொருத்தினார். விளக்கொளி அவற்றில் பட்டுத் தெறித்து நோயாளியின் கண்ணுக்குள் சென்றது. திரும்பி வந்த ஒளியில் ஒரு பகுதி அதே தகடுகளை ஊடுருவி மருத்துவரின் கண்ணை அடைந்தது. 1850-இல் உருவாகி 1851-இல் நூலாக விளக்கப்பட்ட இக்கருவியே கண்ணகநோக்கி.

அதன் வழியே நோக்கியவர்கள், உயிரோடிருக்கும் மனிதனின் நரம்பு முனையையும் தமனிகளையும் சிரைகளையும் கத்தியின்றிக் கண்டனர். உடலில் வேறெங்கும் குருதிக் குழாய்களை இவ்வளவு தெளிவாக நேரில் காண்பதற்கு வழியில்லை. அதுவரை பிணவறையில் மட்டுமே படிக்கக் கிடைத்த ஏடு, நோயாளியின் விழிக்குள்ளேயே விரிந்தது.

1859-இல், பெர்லினில் புகழ்பெற்ற கண் மருத்துவர் கிரேஃபின் உதவியாளராயிருந்த ரிச்சர்டு லீப்ரைஹ், சிறுநீரக நோயாளிகளின் விழித்திரையில் கண்ட மாற்றங்களுக்குப் பெயரிட்டார். தீச்சுடர் வடிவில் குருதிக் கசிவுகள், வெண்திட்டுகள், நட்சத்திரம் போல் விரிந்த கோடுகள் ஆகியவை அங்கே தென்பட்டன. சிறுநீரில் வெண்கரு கலப்பதால் நேரும் விழித்திரை அழற்சி என்னும் பொருளில் அமைந்தது அப்பெயர். பார்வை குறைந்ததென்று கண் மருத்துவரிடம் வந்தவர்கள், தமக்குச் சிறுநீரக நோய் இருப்பதை அங்கேதான் முதன்முதலாக அறிந்தனர். 1871-இல் இங்கிலாந்தின் கிளிஃபர்டு ஆல்பட், நரம்பு மண்டல நோய்களிலும் சிறுநீரக நோய்களிலும் இக்கருவியின் பயனை விளக்கித் தனி நூலே எழுதினார். கண்ணகநோக்கி கண் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று என்பதே அந்நூலின் சாரம்.

பாட்னாக்காரரின் பேரர்

ஆனால் லீப்ரைஹ் இட்ட பெயரில் ஒரு பிழை இருந்தது. விழித்திரையைச் சிதைப்பது வெண்கருவும் அன்று, அழற்சியும் அன்று. உண்மைக் காரணத்துக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவரின் பெயர் நம் கவனத்தை ஈர்க்கிறது: ஃபிரடெரிக் அக்பர் முஹம்மது.

பாட்னாவில் பிறந்து, 1794-இல் தம் பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டு, 1810-இல் லண்டனில் இந்திய உணவு விடுதி திறந்து, பின்னர் பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் கலையும் நடத்திப் புகழ்பெற்ற தீன் முஹம்மதின் பேரர் இவர். 1849-இல் பிறந்த இவர், பிரைட் பணியாற்றிய அதே கைஸ் மருத்துவமனையில் பயின்றார். வரலாற்று ஏடுகளில் நம் நாட்டுத் தொடர்புள்ள பெயரைக் கண்டதும் மகிழ்வது இயல்பே. எனினும் இவரை நாம் நினைவுகூர வேண்டியது பெயருக்காக அன்று, கண்ட உண்மைக்காக.

மணிக்கட்டில் கட்டினால் நாடித் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் மாரே 1860-இல் அமைத்திருந்தார். மாணவப் பருவத்திலேயே அக்பர் முஹம்மது அதனைத் திருத்தி, நாடியின் அழுத்தத்தை அளவிட்டு ஒப்பிடத் தக்கதாக்கினார். செங்காய்ச்சல் கண்டவர்களுக்குச் சிறுநீரக அழற்சி தொடர்வதுண்டு. அத்தகையோரை நாள்தோறும் சோதித்தபோது, சிறுநீரில் வெண்கரு தோன்றுவதற்கு முன்னரே நாடியின் அழுத்தம் உயர்வதை அவர் கண்டார். 1874-இல் இதனை வெளியிட்டார். குருதியழுத்தம் மிகுந்தும் சிறுநீரகம் பழுதுறாத மனிதர் பலர் உண்டு என்பதையும் பின்னர் எடுத்துக்காட்டினார். குருதிக் கொதிப்பு தனியொரு நோய் என்னும் இன்றைய அறிவுக்கு அது வித்திட்டது.

ஒரே வகையான கேள்விகளை நாடெங்குமுள்ள மருத்துவர்களுக்கு அனுப்பி, விடைகளைத் தொகுத்து ஆராயும் கூட்டு ஆராய்ச்சிக்கும் பிரிட்டனில் அவர் பாடுபட்டார். 1884-இல் டைஃபாய்டு காய்ச்சல் அவரைப் பறித்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 35 மட்டுமே. கரண்டியில் வெண்கரு உறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கு முன்னரே நோயைப் பிடிக்கலாம் என்பதே அவர் விட்டுச்சென்ற செய்தி.

நாடி விரலுக்கு உணர்த்தியதை விழித்திரை கண்ணுக்குக் காட்டியது. சிறுநீரக நோயாளிகளின் விழித்திரைத் தமனிகள் ஒடுங்கியிருப்பதையும், நாடியின் இறுக்கத்தோடு அவ்வொடுக்கம் இயைவதையும் வில்லியம் கவர்ஸ் 1876-இல் எழுதினார். அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் ஆகிய மூவரும் குருதிக் கொதிப்புள்ள 219 பேரை விழித்திரை மாற்றங்களைக் கொண்டு நான்கு படிகளாகப் பகுத்து 1939-இல் வெளியிட்டனர். முதற்படியில் இருந்தோருள் நூற்றுக்கு 70 பேர் மூன்றாண்டுகள் கழிந்தும் உயிரோடிருந்தனர். நான்காம் படியிலோ நூற்றுக்கு 6 பேரே எஞ்சினர். கொதிப்பைத் தணிக்க நல்ல மருந்தில்லாத காலம் அது. விழிக்குள் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. மாற்றி எழுத முடியவில்லை.

நீரிழிவின் இரு முகங்கள்

1922-இல் இன்சுலின் மருந்தாக வந்தபோது நீரிழிவு வெல்லப்பட்டது என்றே உலகம் நம்பியது. சாவு தள்ளிப்போனது மெய்தான். ஆனால் நெடுநாள் வாழ்ந்த நோயாளிகளிடம் அதுகாறும் அருகியே காணப்பட்ட கேடுகள் தலைகாட்டின. 1936-இல் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்னும் இருவர் நீரிழிவாளரின் சிறுநீரக வடிகட்டிகளில் முடிச்சு முடிச்சாகப் படிந்த தழும்புகளை விவரித்தனர். அதே நோயாளிகளின் விழித்திரையிலும் நுண்குழாய்கள் புடைத்துக் கசிவதை மருத்துவர்கள் கண்டனர். சிறுநீரக வடிகட்டியும் விழித்திரையும் மயிரினும் மெல்லிய குழாய்களால் அமைந்தவை. மிகுந்த சர்க்கரையும் மிகுந்த அழுத்தமும் பல்லாண்டு தாக்கினால் இரண்டும் ஒன்றுபோல் நைந்துபோகின்றன. ஒன்று திரைக்குப் பின்னே. மற்றொன்று சாளரத்தின் அருகே. இவ்வளவே வேறுபாடு.

படித்ததை மாற்றி எழுதும் ஆற்றல் அதன் பின்னரே வாய்த்தது. நீரிழிவாளர் ஒவ்வொருவரின் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிக்கதிர்ச் சிகிச்சை அளித்து, மறு கண்ணோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 1976-இல் தன் முடிவை அறிவித்தது. சிகிச்சை பெற்ற கண்களில் கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இதனைக் கண்டதும் எஞ்சிய கண்களுக்கும் சிகிச்சை அளிக்க ஆய்வின் விதியையே மாற்றினர்.

1993-இல் முடிவுகள் வெளியான மற்றோர் ஆய்வில் 1,441 பேர் பங்குகொண்டனர். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தவர்களிடம் விழித்திரைக் கேடு புதிதாகத் தோன்றுவது நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. சிறுநீரில் வெண்கரு மிகுதியாக ஒழுகுவதும் 54 பங்கு குறைந்தது. குருதியழுத்தத்தை இறுக்கிப் பிடித்தால் நுண்குழாய்க் கேடுகள் 37 பங்கு குறையும் என்று பிரிட்டன் ஆய்வு 1998-இல் காட்டியது. ஒரே காவல் இரு உறுப்புகளையும் காக்கும் என்பது இவ்வாறு எண்களால் உறுதிப்பட்டது.

சாட்சியின் எல்லை

எந்தச் சாட்சிக்கும் எல்லை உண்டு. முதிர்ந்த வயதில் வரும் நீரிழிவில், விழித்திரை பழுதின்றி இருக்கையிலேயே சிறுநீரகம் கெட்டுப்போதலும் உண்டு. கண் நன்றாயிருக்கிறது என்பது சிறுநீரகத்துக்கு நற்சான்றிதழ் ஆகாது. ஆகவே விழித்திரைப் பரிசோதனையோடு சிறுநீரில் வெண்கருவின் அளவும், குருதியில் கிரியேட்டினின் அளவும், குருதியழுத்தமும் பார்த்தல் இன்றியமையாதது. பிரைட்டின் கரண்டியும் முஹம்மதின் நாடிக் கருவியும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண்ணாடியும் ஒன்றையொன்று நீக்கவில்லை, நிறைவு செய்கின்றன.

இவ்வரலாற்றின் அண்மை அதிகாரத்தில் நம் ஊர்களும் இடம்பெறுகின்றன. விழித்திரைப் படங்களிலிருந்து நீரிழிவுக் கேட்டைக் கணினி கண்டறிய முடியும் என்று நிறுவிய 2016-ஆம் ஆண்டு ஆய்வில், மதுரை, சென்னைக் கண் மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. 2020-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அடங்கிய மக்களின் விழித்திரைப் படங்களைக் கொண்டு, நாட்பட்ட சிறுநீரக நோயையே கணினி இனங்காணும் எனக் காட்டினர். பிரைட் குறித்து வைத்த புதிர், எந்திரமும் படிக்கும் ஏடாகிவிட்டது.

ஆனால் ஏட்டைத் திறக்க மனிதன் வர வேண்டும். நோவு இல்லையே, பார்வை தெளிவாக இருக்கிறதே, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்னும் மூன்று சொற்களால் நம்மவர் இழந்த கண்களும் சிறுநீரகங்களும் கொஞ்சமல்ல. வாரந்தோறும் இருமுறையோ மும்முறையோ எந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் குருதியைத் தூய்மை செய்துகொள்ள நேர்ந்த குடும்பத்தின் துயரமும் செலவும் அறியாதார் யார்? ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் சிறுநீரையும் சோதிக்கக் கழியும் ஒரு காலைப்பொழுதை அத்துயரோடு எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும்.

அக்பர் முஹம்மது கற்பித்தது இதுவே: வெண்கரு தோன்றுமுன் நாடியைப் பார். நீரிழிவும் குருதிக் கொதிப்பும் உள்ளோர்க்கு அதனை இன்னும் ஒரு படி நீட்டிச் சொல்லலாம்: பார்வை மங்குமுன் கண்ணைக் காட்டு.