கம்பியில்லா வலையமைப்பைக் கண்காணிக்கும் உணரிகளுக்கு இடம் தேர்தல்: பரப்பளவு அளவுகோலுக்கு ஒரு மறுப்பு

பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் வணிக நிறுவனங்களும் தங்கள் கட்டடங்களில் வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்பை நிறுவும்போது, பயனர்களுக்கு இணைப்பு வழங்கும் அணுகுமுனைகளோடு, காற்றில் நிகழும் பரிமாற்றங்களைக் கேட்டுப் பதிவுசெய்யும் உணரிகளையும் பொருத்துவதுண்டு. சட்டகம் என்பது முகவரியும் தரவும் பிழைகாண் எண்ணும் சேர்ந்த ஒரு தகவல் துண்டு. யாருக்காக அனுப்பப்பட்டதாயினும் எட்டும் சட்டகங்களையெல்லாம் வாங்கி மையக் கணினிக்குச் சேர்ப்பிக்கும் வானொலிக் கருவியே உணரி. இவ்வுணரிகளை எங்கே வைப்பது என்னும் கேள்விக்கு நடைமுறையில் வழங்கும் விடை மிக எளியது: மூன்று முதல் ஐந்து அணுகுமுனைகளுக்கு ஓர் உணரி என்று கைக்கணக்காகக் கொண்டு, தளத்தின் வரைபடத்தில் வட்டங்களை வரைந்து, எல்லா இடமும் ஏதேனும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டால் பணி முடிந்ததாகக் கொள்வது. இக்கணக்கு தொடக்கத்திலேயே பிழைபட்டது. உணரியின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது, தவறவிடக்கூடாத சட்டகங்களுள் மிக மெலிந்தது எது, அதை ஒரே நேரத்தில் எத்தனை உணரிகள் கேட்கின்றன என்னும் இரு கேள்விகளே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அணுகுமுனையும் பயனர் கருவியும் ஒன்றுக்கொன்று இசைந்து நடப்பவை. சமிக்ஞை வலுவாக இருந்தால் அனுப்பும் வேகத்தைக் கூட்டியும், மெலிந்தால் குறைத்தும், ஏற்புச் சட்டகம் திரும்பி வராவிட்டால் அதே சட்டகத்தை மீண்டும் அனுப்பியும் அவை தமக்குள் ஒரு பரிமாற்றத்தை எப்படியாவது முடித்துக்கொள்கின்றன. உணரியோ இந்த உரையாடலில் மூன்றாமவர். அதற்கு ஏற்ற வேகத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, அது தவறவிட்டதை யாரும் மறுமுறை அனுப்புவதுமில்லை. எனவே, அணுகுமுனை நன்றாகச் சேவை செய்யும் பரப்பை உணரி நன்றாகக் கேட்கும் பரப்பாக எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை எண்களே காட்டுகின்றன. 1999இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.11ஏ தரநிலை, நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் வரும் சட்டகத்தை −82 டிபிஎம் அளவுக்கு மெலிந்த நிலையிலும் ஏற்பி வாங்க வேண்டும் என்றும், 54 மெகாபிட் வேகத்துக்கு −65 டிபிஎம் இருந்தால் போதும் என்றும் குறைந்தபட்சத் தகுதியை வகுத்தது. டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட மடக்கை அளவு. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட 17 டெசிபெல் வேறுபாடு ஐம்பது மடங்கு ஆற்றல் வேறுபாட்டைக் குறிக்கிறது. திறந்த வெளியில் சமிக்ஞையின் ஆற்றல் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் தேய, கட்டடத்துக்குள் சுவர்களும் தட்டுமுட்டுகளும் இருப்பதால் அத்தேய்வு மும்மடியை ஒட்டி அமைவதாகக் கொள்வது வழக்கம். அவ்வாறு கொண்டால், மெதுவாகச் செல்லும் சட்டகம் கேட்கும் ஆரம் வேகமாகச் செல்லும் சட்டகம் கேட்கும் ஆரத்தைப்போல் சுமார் 3.7 மடங்காகவும், பரப்பு பதின்மூன்று மடங்குக்கு மேலாகவும் வருகிறது. அணுகுமுனை தன் இருப்பை அறிவிக்க ஏறத்தாழ நொடிக்குப் பத்து முறை வெளியிடும் அறிவிப்புச் சட்டகங்கள் மெதுவான வேகத்திலேயே செல்கின்றன. பயனரின் தரவுகளோ இயன்றவரை உயர்ந்த வேகத்தில் செல்கின்றன. வரைபடத்தில் வட்டம் வரைபவர் பெரும்பாலும் அளந்திருப்பது அறிவிப்புச் சட்டகத்தின் எல்லையை. திருமண மண்டபத்தில் நாதசுரம் கேட்கும் தொலைவைக் கொண்டு, பந்தியில் இருவர் பேசிக்கொள்வதும் அதே தொலைவுக்குக் கேட்கும் என முடிவுசெய்வது போன்றது இது.

பயனர் கருவிகள் இந்த இடைவெளியை மேலும் அகலப்படுத்துகின்றன. மின்கலத்தைச் சிக்கனப்படுத்த வேண்டிய கைபேசி 15 டிபிஎம் ஆற்றலில் ஒலிபரப்ப, அணுகுமுனை 20 டிபிஎம்மில் ஒலிபரப்புகிறது எனக் கொண்டால், அந்த 5 டெசிபெல் குறைவே மேற்சொன்ன தேய்வுக் கணக்கில் கேட்கும் பரப்பைப் பாதிக்கும் கீழாகச் சுருக்கிவிடும். அணுகுமுனை கூரையில் தடையின்றித் தொங்க, கைபேசி மேசைக்கடியிலோ சட்டைப்பையிலோ உடலால் மறைக்கப்பட்டிருக்கும். புதிய தரநிலைகளில் பல ஆன்டெனாக்களின் வழியே ஒரே நேரத்தில் பல தரவோடைகளை அனுப்புவதும், குறிப்பிட்ட ஏற்பியை நோக்கி ஆற்றலைக் குவிப்பதும் இயல்பாகிவிட்டதால், குவியத்துக்கு வெளியே நிற்கும் உணரிக்குச் சட்டகம் வந்து சேர்ந்தாலும் அதைப் பிரித்தறிய இயலாமல் போகலாம். அணுகுமுனைக்கு அருகில் வைக்கப்பட்ட உணரி, கருவி அனுப்பிய தரவைக் கேட்காமல், அதற்கு அணுகுமுனை விடுத்த ஏற்புச் சட்டகத்தை மட்டும் கேட்கும் நிலை இதனால்தான் எழுகிறது. ஒரு பரிமாற்றம் நடந்தது என்று அதனால் உய்த்துணரலாம், நடந்தது என்ன என்று அறிய முடியாது.

ஒன்றன்மேல் ஒன்றாகக் கவியும் கேட்புப் பரப்புகளை வீண் செலவு எனக் கருதும் போக்கு இதைவிட ஆழமான பிழை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உருவாக்கப்பட்டு 2006இல் ஆய்வுலகின் முன் வைக்கப்பட்ட ‘ஜிக்ஸா’ அமைப்பு இதற்குச் சிறந்த சான்று. பத்து லட்சம் கன அடிக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள ஒரே கட்டடத்தில் 150க்கும் மேற்பட்ட வானொலி உணரிகளை நிறுவிய அவ்வாய்வாளர்கள், ஒவ்வோர் உணரியும் பதிவுசெய்த துண்டு துண்டான பதிவுகளை இணைத்து, கட்டடம் முழுவதற்குமான ஒரே கால வரிசையை உண்டாக்கினர். உணரிகளின் கடிகாரங்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் விலகிச் செல்பவை. சட்டகங்களோ மைக்ரோநொடிக் கணக்கில் அடுத்தடுத்து வருபவை. எனவே எது முந்தியது, எது எதனோடு மோதியது என்பதை அறிய, கடிகாரங்களை அதே நுண்மைக்கு ஒத்திசைக்க வேண்டியிருந்தது. இரு உணரிகள் பொதுவாகக் கேட்ட ஒரே சட்டகத்தை அடையாளங்கண்டு, அவை அதற்கு இட்ட நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டே அவர்கள் அதைச் செய்தனர். முதல் உணரியும் இரண்டாவதும் ஒரு சட்டகத்தையும், இரண்டாவதும் மூன்றாவதும் வேறொரு சட்டகத்தையும் பொதுவாகக் கேட்டிருந்தால், முதலும் மூன்றும்கூட இச்சங்கிலியால் பிணைக்கப்படும். கவியும் பரப்பு இல்லாத இடத்தில் இச்சங்கிலி அறுந்து, நூற்றைம்பது உணரிகளின் பதிவும் ஒன்றோடொன்று பேசாத தனித்தனிக் குறிப்பேடுகளாகவே நின்றுவிடும்.

கணிதவியல் நோக்கில் இச்சிக்கலை அணுகியவர்கள் அதைக் கணமூடல் சிக்கலாக வடிவமைப்பதுண்டு. உணரி வைக்கக்கூடிய ஒவ்வோர் இடமும், அங்கிருந்து கேட்கக்கூடிய புள்ளிகளின் ஒரு கணம். எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கும் மிகக் குறைந்த கணங்களைத் தேர்வதே கேள்வி. ரிச்சர்ட் கார்ப் 1972இல் பட்டியலிட்ட 21 கடினச் சிக்கல்களுள் இதுவும் ஒன்று. எண்ணிக்கை பெருகும்போது மிகச் சிறந்த விடையை விரைவாகக் கண்டறியும் வழி எதுவும் அறியப்படவில்லை. உணரிகளின் எண்ணிக்கையை முன்னரே வரையறுத்துவிட்டு அதிகபட்சப் பரப்பைத் தேடும் வடிவத்தில், ஒவ்வொரு படியிலும் புதிதாக அதிகம் சேர்க்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும் பேராசை வழிமுறை, சிறந்த விடையின் 63 விழுக்காட்டுக்குக் குறையாத பயனைத் தரும் என்பதை நெம்ஹவுசர், வுல்சி, ஃபிஷர் ஆகியோரின் 1978ஆம் ஆண்டுத் தேற்றம் உறுதிசெய்கிறது. இக்கணிதத்தின் அழகில் ஐயமில்லை, பொருத்தத்தில்தான் குறை. ஒரு புள்ளியை ஒருமுறை மூடினாலே முழுப் பயன் கிடைத்துவிட்டதாகக் கருதும் குறிக்கோள், கவிந்த பரப்பை விலக்கவே முயலும். உகந்த விடையை நெருங்க நெருங்கக் கடிகாரச் சங்கிலி மெலியும். ஒவ்வொரு புள்ளியையும் குறைந்தது இரண்டு அல்லது மூன்று உணரிகள் கேட்க வேண்டும் என்றும், பொதுவாகக் கேட்கும் உணரிகளைக் கோடிட்டு இணைத்தால் கிடைக்கும் வரைபடம் துண்டுபடாமல் இருக்க வேண்டும் என்றும் இரு நிபந்தனைகளைச் சேர்த்த பின்னரே கணமூடல் இங்கே பயன்படுவதாகிறது.

பாதுகாப்பு நோக்கமும் இதே திசையிலேயே அழைத்துச் செல்கிறது. ஒரு கருவியின் முகவரியைத் தாக்குபவர் தன் சட்டகத்தில் எழுதிக்கொள்வது எளிது; அச்சட்டகம் வெவ்வேறு இடங்களிலுள்ள உணரிகளை வந்தடையும் வலுவின் கோலத்தை அவர் விரும்பியவாறு போலிசெய்வது மிகக் கடினம். ஸ்டான்ஃபோர்டின் ஃபாரியாவும் செரிட்டனும் 2006இல் இந்த வலுக்கோலத்தையே ஒரு கைரேகையாகக் கொண்டு ஆள்மாறாட்டத்தைக் கண்டறியலாம் எனக் காட்டினர். ஓர் உணரி மட்டும் கேட்டால் அந்தக் கைரேகைக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கும்.

ஆயினும் ஊடுருவலைக் கண்டறிதலும் ஊடுருவியவரின் இடத்தைக் காணலும் உணரிகளை வெவ்வேறு இடங்களுக்கு இழுக்கின்றன என்பதை மறைக்கலாகாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பாலும் பத்மநாபனும் 2000இல் வெளியிட்ட ‘ராடார்’ ஆய்வு, ஒரு தளத்தில் மூன்று நிலையங்கள் அளந்த சமிக்ஞை வலுவைக் கொண்டு, பயனர் இருக்கும் இடத்தை இரண்டு மூன்று மீட்டர் இடைநிலைப் பிழையுடன் கணிக்கலாம் எனக் காட்டியது. இவ்வகைக் கணிப்பு, உணரிகள் இலக்கைச் சுற்றி நிற்கும்போது நன்கு அமையும். எல்லாம் ஒரே நடைக்கூடத்தில் வரிசையாக நின்றால் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே இடங்காணல் மூலைகளையும் வெளிச்சுவர்களையும் விரும்ப, கண்டறிதல் பயனர்கள் செறிந்த நடுப்பகுதியை விரும்புகிறது. 2007 ஜனவரியில் வெளியான டிஜேஎக்ஸ் வணிக நிறுவனத்தின் தரவுத் திருட்டில், ஊடுருவியவர்கள் அமெரிக்கக் கடைகள் இரண்டின் கம்பியில்லா வலையமைப்பு வழியே நுழைந்திருக்கக்கூடும் என்று கனடாவின் தனியுரிமை ஆணையர் அலுவலகம் கண்டது. வாகன நிறுத்தத்திலிருந்து வரக்கூடிய அத்தகைய ஆபத்தை முதன்மையாகக் கருதும் கடைக்கு வெளிச்சுவர் உணரிகளே முதல் தேவை. மாணவர்களின் இணைப்புத் தடங்கல்களை ஆராயும் பல்கலைக்கழகத்துக்கு வகுப்பறையின் நடுவே கேட்பதுதான் தேவை. எந்த நோக்கம் முந்தியது என்று முடிவுசெய்யாமல் வரைந்த திட்டம் இரண்டிலும் குறைபடும்.

இடத்தைப் போலவே நேரமும் ஒரு பரப்பு. ஒரு வானொலி ஒரு நேரத்தில் ஒரு சேனலை மட்டுமே கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13, 5 கிகாஹெர்ட்ஸில் 25 என 38 சேனல்களில் ஒவ்வொன்றிலும் கால் நொடி தங்கிச் சுழலும் உணரிக்கு ஒரு சுற்றுக்கு ஒன்பதரை நொடி ஆகும். ஒரே சேனலில் ஒரு நொடி மட்டும் நீடிக்கும் தாக்குதல் அதன் காதில் விழும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 6 கிகாஹெர்ட்ஸில் 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திறந்துவிட்டதால் மேலும் 59 சேனல்கள் சேர, அவ்வாய்ப்பு இருபதில் ஒன்றாகச் சுருங்கியது. பயனர்களுக்குச் சேவை செய்துகொண்டே இடையிடையே மற்ற சேனல்களை எட்டிப்பார்க்கும் அணுகுமுனைக்கு இது இன்னும் குறைவு என்பதால், அதையே உணரியாக எண்ணித் திட்டமிடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். கவிந்த பரப்பில் உள்ள மூன்று உணரிகள் தங்களுக்குள் சேனல்களைப் பங்கிட்டுக்கொண்டால் சுற்று மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அந்த நேரத்தில் அவை பொதுவான சட்டகங்களைக் கேட்பதில்லை. ஆதலால் கடிகாரத்தை இணைக்க அவ்வப்போது ஒரே சேனலில் கூடவும் வேண்டும்.

இவ்வளவு உணரிகளுக்குப் பணம் எங்கே என்பது நியாயமான மறுப்பு. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 2005, 2006 ஆண்டுகளில் உருவான ‘டேர்’ அமைப்பு அதற்கு ஒரு விடை சொன்னது: அலுவலகங்களில் ஏற்கனவே இருக்கும் மேசைக் கணினிகளில் விலை குறைந்த யுஎஸ்பி வைஃபை இணைப்பிகளைச் செருகி, அவற்றையே உணரிகளாக்குவது. சிக்கனமே அதன் சிறப்பாகப் பேசப்படுகிறது. இடத்தேர்வின் நோக்கில், அவ்வுணரிகள் பயனர் கருவிகளின் உயரத்திலேயே, அவற்றின் நடுவிலேயே அமர்ந்திருப்பது அதைவிடப் பெரிய சிறப்பு. கூரையில் நுட்பமாகக் கணித்து வைத்த சில உணரிகளைவிட, மேசை உயரத்தில் தாராளமாகத் தூவப்பட்ட பல எளிய உணரிகள் மெலிந்த சட்டகங்களைக் கூடுதலாகப் பிடிக்கும் என எதிர்பார்க்கலாம். இன்று மேசைக் கணினிகளின் இடத்தை மடிக்கணினிகள் பிடித்துக்கொண்டதால் அவ்வழி அப்படியே பொருந்தாது. சுவரோர மின்செருகியில் பொருத்தும் சிறு கணினிகள் அதே வேலையைச் செய்யக்கூடும்.

எந்தத் திட்டமும் சோதிக்கப்படும் வரை ஊகமே. அணுகுமுனைக்குப் பின்னாலுள்ள கம்பிவழிப் பதிவோடு உணரிகளின் பதிவை ஒப்பிட்டு எத்தனை சட்டகங்கள் விடுபட்டன என எண்ணுவது ஜிக்ஸா ஆய்வாளர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று. அது நிறுவனத்தின் சொந்த அணுகுமுனைகள் வழியே சென்றதைப் பற்றி மட்டுமே பேசும்; அனுமதியின்றிச் செருகப்பட்ட அணுகுமுனையோ இரு கைபேசிகளின் நேரடிப் பரிமாற்றமோ அக்கணக்கில் வராது. அதற்கு வேறொரு சோதனை வேண்டும்: ஆற்றலைக் குறைத்து அமைத்த ஒரு கைபேசி வரிசை எண்ணிட்ட சட்டகங்களைப் பல வேகங்களில் அனுப்ப, அதை எடுத்துக்கொண்டு ஒருவர் படிக்கட்டுகள், கழிப்பறைகள், மின்தூக்கி முகப்புகள், வாகன நிறுத்தம் எனக் கட்டடம் முழுதும் நடக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எந்த எண்களை எத்தனை உணரிகள் கேட்டன என்னும் அட்டவணை, வேகத்துக்கு வேகம் மாறும் உண்மையான கேட்புப் பரப்பைக் காட்டும்; ஒரே ஓர் உணரி மட்டும் கேட்ட இடங்கள், கேட்காத இடங்களுக்கு அடுத்தபடியாகப் புதிய உணரி பெறத் தகுந்தவை. புதிய தடுப்புச் சுவர் எழும்பும்போதும், உலோக அலமாரிகள் இடம் மாறும்போதும், புதிய அலைவரிசைக்கு மாறும்போதும் அந்நடை மீண்டும் நடக்கப்பட வேண்டும்.