எத்தனை மணி நேரம்?

லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள எத்தனை மணி நேரம் வேண்டும்? சிறு பிள்ளை கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது. இதற்கு விடை தேடி அமெரிக்க சர்க்கார் முப்பது வருஷம் திண்டாடியது.

அங்கே நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரிய லாரியில், முன்னால் இழுக்கும் வண்டி தனி, பின்னால் வரும் நீண்ட பெட்டி தனி. சரக்கோடு 36 டன் வரை கனக்கும். அதைப் பின்னோக்கிச் செலுத்துவது பெரிய வித்தை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டியின் வால் வலப்பக்கம் போகும்! இது மூளைக்குத் தெரிந்தால் போதாது. கைக்குத் தெரிய வேண்டும். ஆனாலும் பல மாகாணங்களில், கார் லைசென்ஸ் உள்ளவரே இதையும் ஓட்டலாம் என்றிருந்தது. 1986-இல் வந்த சட்டம்தான் தனி லைசென்ஸுக்கும் பரீட்சைக்கும் வழி செய்தது. பரீட்சை வந்ததே தவிர, பள்ளிக்கூடம் கட்டாயமாகவில்லை.

நெடுஞ்சாலை இலாகா 1985-இலேயே ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டிருந்தது. 320 மணி நேரம்! ஆனால் அது வெறும் யோசனைதான். 1991-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டான காங்கிரஸ், பயிற்சிக்கு விதி வகுக்கும் வேலையைத் தொடங்கும்படி உத்தரவிட்டது. விதி வந்தது 2004-இல். அதுவும் சிலர் கோர்ட்டுக்குப் போன பிறகு. டிரைவருக்குரிய தகுதிகள், வேலை நேர வரம்பு, உடல்நலம், முறைகேட்டைப் புகார் செய்பவருக்கு உள்ள பாதுகாப்பு என்று நான்கு பாடங்கள். மொத்தம் சுமார் 10 மணி நேரம். ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம்! பையனைத் திண்ணையில் உட்கார்த்தி வைத்து நீச்சல் சொல்லிக் கொடுப்பது போலத்தான். வண்டி ஓட்டும் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத பாடங்கள் என்று 2005-இல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு அதைத் திருப்பி அனுப்பியது.

2007-இல் இன்னொரு யோசனை: 120 மணி, அதில் 44 மணி வண்டி ஓட்டிப் பழக. 2013-இல் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். 2015-இல் பல தரப்பாரும் கூடிய குழு, 30 மணியாவது ஓட்டிப் பழகட்டும் என்றது. 2016-இல் இறுதி விதி வந்தபோது அந்த முப்பதும் அடிபட்டுப் போயிற்று! இத்தனை மணி பழகினால் இத்தனை விபத்து குறையும் என்று காட்டப் போதிய புள்ளிவிவரம் இல்லையாம். கற்க வேண்டியவற்றுக்கு ஒரு ஜாபிதா போட்டார்கள். மாணவன் தேர்ந்துவிட்டான் என்று ஆசிரியர் சொன்னால் சரி.

இதை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பத்து மணியில் கற்றுக்கொள்பவனும் உண்டு. நூறு மணியிலும் தேறாதவனும் உண்டு. ஆனால் பள்ளி நடத்துகிறவர், சம்பளம் கட்டிய மாணவன், டிரைவருக்காகக் காத்திருக்கும் கம்பெனி ஆகிய மூவருக்குமே பயிற்சி சீக்கிரம் முடிந்தால் லாபம். எதிரே காரில் குழந்தை குட்டிகளோடு வருகிறவருக்கு அங்கே என்ன குரல் இருக்கிறது? அவர் சார்பில் ஒரு எண்ணாவது நின்றிருக்கலாம் என்பது என் கட்சி.

அந்த விதியும் 2022 பிப்ரவரி 7-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. மாகாணம் விட்டு மாகாணம் லாரி ஓட்ட 21 வயது நிறைய வேண்டும். காங்கிரஸ் உத்தரவிட்ட 1991-இல் பிறந்த குழந்தை, 2012-இலேயே அந்த வயதை எட்டியிருக்கும்.