ஊரை நெருங்கிய பள்ளியும் ஊரைவிட்டு விலகிய அதிகாரமும்: ரஞ்சன்குடி வட்டாரத்தை முன்வைத்துத் தமிழகப் பள்ளிக்கல்வி வரலாறு (1822–2025)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகப் பொதுக்கல்வி அமைப்பு கடந்த இரு நூற்றாண்டுகளில் அடைந்த வளர்ச்சியை, பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடி போன்ற மானாவாரிச் சிற்றூரின் நிலையிலிருந்து இக்கட்டுரை நோக்குகிறது. பள்ளிக்கும் குழந்தைக்கும் இடையிலான தொலைவு படிப்படியாகக் குறைந்தபோது, பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் இடம் ஊரைவிட்டுப் படிப்படியாக விலகிச் சென்றது என்பதும், இவ்விலகல் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, முன்ரோ கணக்கெடுப்பு, உள்ளாட்சி, கட்டாயக் கல்வி, பொதுப்பட்டியல், ரஞ்சன்குடி.

முன்னுரை

பெரம்பலூருக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குள், திருச்சிராப்பள்ளி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை அமைந்துள்ளது. கர்நாடக நவாபுகளின் ஆட்சிக்குட்பட்ட ஜாகிர்தார் ஒருவரால் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இக்கோட்டை, 1751இல் சந்தா சாகிபுக்கும் முகமது அலிக்கும் இடையே நிகழ்ந்த போரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்ட வாலிகண்டபுரக் களத்தை அடுத்துள்ளது. 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் இவ்வட்டாரம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1995இல் உருவான பெரம்பலூர் மாவட்டத்தில் இடம்பெற்றது.

கல்வி வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவும் குழுக்களின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. அச்சட்டங்கள் சென்று சேரவேண்டிய ஊரிலிருந்து நோக்கும்போது வேறு இரு வினாக்கள் முன்னிற்கின்றன. குழந்தை நடந்து செல்லும் தொலைவில் பள்ளி இருந்ததா? அப்பள்ளியில் யார், எதை, எவ்வளவு காலம் படிக்கலாம் என்பதை முடிவு செய்தவர் யார்? இவ்விரு வினாக்களின் வழியே இக்கட்டுரை அமைகிறது.

திண்ணைப் பள்ளியும் முன்ரோ கணக்கெடுப்பும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் முன்ரோ, 1822ஆம் ஆண்டு ஜூன் 25இல் எழுதிய குறிப்பின் வழி, மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆட்சியர்களைப் பணித்தார். மாவட்டங்களிலிருந்து வந்த விடைகளைத் தொகுத்து 1826ஆம் ஆண்டு மார்ச் 10இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது இதன் பொருள்.

இப்பள்ளிகளில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதத் தொடங்கிய மாணவன் பின்னர் ஓலைக்கு வந்தான். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்பன பாடங்களாயின. சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறையை எழும்பூர் ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தில் கையாண்ட ஆண்ட்ரு பெல், 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்தின் ஏழை மக்கள் பள்ளிகளில் பரவியது. ஆசிரியரின் ஊதியம் தானியமாகவும் சிறு காசாகவும் நவராத்திரிக் காலக் கொடையாகவும் வந்தது. பள்ளியைத் தொடங்குவதும் ஆசிரியரை வைத்துக்கொள்வதும் விலக்குவதும் ஊராரின் பொறுப்பாக இருந்தன.

தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இக்கணக்கெடுப்பை முழுமையாகத் தொகுத்தளித்து, தமிழ்பேசும் மாவட்டங்களில் மாணவர்களுள் பெரும்பான்மையோர் பிராமணரல்லாதார் என்பதை எடுத்துக்காட்டினார். கல்வி ஒரு சாதியாரின் தனியுடைமையாக இருந்தது என்ற பொதுக்கருத்தை இது திருத்துகிறது. ஆயினும் அதே கணக்கெடுப்பு மற்றொன்றையும் கூறுகிறது. 1,88,650 மாணவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. திண்ணை என்பது ஒருவரின் வீட்டைச் சேர்ந்த இடம். அவ்வீடு ஊருக்குள் இருந்தது. சேரியில் வாழ்ந்தவர்க்கு அத்திண்ணையில் ஏறும் உரிமை இல்லை. எனவே ‘பள்ளி ஊராரின் கையில் இருந்தது’ என்னும் தொடரில் ‘ஊரார்’ என்பது ஊரில் வாழ்ந்த அனைவரையும் குறிக்கவில்லை. இவ்வேறுபாடு பின்வரும் வரலாறு முழுவதற்கும் அடிப்படையானது.

வட்டத்திற்கு ஒரு பள்ளி

கணக்கெடுப்பின் முடிவில் முன்ரோ ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஒவ்வோர் ஆட்சியர் மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்றும் முகமதியர்க்கு ஒன்றுமாக இரு மேற்பள்ளிகளும், ஒவ்வொரு தாசில்தார் எல்லையிலும் ஒரு பள்ளியும் அமையவேண்டும். ஆசிரியர்க்கு மாதச் சம்பளமாக முன்னதில் 15 ரூபாயும் பின்னதில் 9 ரூபாயும் அரசு தரவேண்டும். ஆசிரியரின் வருவாயை அரசு ஏற்கும் சிந்தனை மாகாணத்தில் இத்திட்டத்தில்தான் தெளிவான வடிவம் பெற்றது. எனினும் வட்டத்திற்கு ஒரு பள்ளி என்பது ரஞ்சன்குடி போன்ற ஊரின் சிறுவனுக்கு நடந்து எட்டும் தொலைவன்று. 1827இல் முன்ரோ மறைந்தார். 1835இல் மெக்காலேயின் குறிப்பு உயர்கல்வியையும் ஆங்கிலத்தையும் முதன்மைப்படுத்தியது. 1836இல் தாசில்தார் பள்ளிகள் கைவிடப்பட்டன.

மானியமும் ஆய்வாளரும்

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை நிதியுதவி முறையை வகுத்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் பொதுக்கல்வித் துறை நிறுவப்பட்டு, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. மாணவர் தேர்ச்சியை அளந்து மானியம் வழங்கும் முறை இங்கிலாந்தில் 1862இல் கொண்டுவரப்பட்டது. சென்னை மாகாணமும் அப்பத்தாண்டிலேயே அதனைப் பின்பற்றியது. இதனால் திண்ணைப் பள்ளிகள் பல அரசின் வரையறைக்குள் வந்தன. மானியம் பெறவேண்டுமெனில் வருகைப் பதிவேடு வேண்டும். வகுப்புப் பிரிவு வேண்டும். அச்சிட்ட பாடநூல் வேண்டும். ஆய்வாளர் முன்னிலையில் மாணவர் படித்தும் எழுதியும் கணக்கிட்டும் காட்டவேண்டும். ஊராரின் மனநிறைவை நம்பி வாழ்ந்த ஆசிரியர், ஆய்வாளரின் மதிப்பீட்டை நம்பி வாழத் தொடங்கினார். எண்சுவடியும் மனப்பாடக் கணக்கும் மெல்லப் பின்தள்ளப்பட்டன.

1882இல் அமைந்த ஹண்டர் குழு தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிக் கழகச் சட்டம் மாவட்டக் கழகங்களையும் வட்டக் கழகங்களையும் உருவாக்கியது. சிற்றூர்ப் பள்ளிகள் ‘போர்டு பள்ளிகள்’ என்று அழைக்கப்பட்டது இக்காலத்தில்தான். 1893இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர் கல்விக்கெனத் தனியாணை பிறப்பித்தது. ஊராரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அவ்வூருக்கு வெளியே இருந்த அதிகாரம் சேரிக்குப் பள்ளி தர முனைந்ததை இவ்வாணை குறிக்கிறது. அதிகாரம் ஊரைவிட்டு விலகியதன் பயனை இங்கு முதன்முறையாகத் தெளிவாகக் காணலாம்.

கட்டாயம்: சட்டமும் நடைமுறையும்

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால் அரசின் ஒப்புதலுடன் தம் எல்லைக்குள் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்றது. ‘விரும்பினால்’ என்பதே அச்சட்டத்தின் வரம்பு. கல்வி வரி விதிக்கத் துணியும் நகராட்சிக்கு ஒரு நிலையும், பருத்தியும் சோளமும் விளையும் மானாவாரி வட்டாரத்திற்கு வேறு நிலையும் இருந்தன. களையெடுப்பிலும் அறுவடையிலும் குழந்தையின் உழைப்பு குடும்பத்திற்குத் தேவைப்பட்டது. வரி கட்டும் நிலையில் இருந்தவரே கழகங்களில் அமர்ந்திருந்ததால், கட்டாயத்தை விரும்பும் தேவை அவர்களுக்கு எழவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயலவேண்டும் என்றது. அந்த இலக்குக்கு எதிர்த்திசையில் சென்றதாகக் கடும் எதிர்ப்பைப் பெற்றது, 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, இரு முறையாக வகுப்பு நடத்தி, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் குழந்தை கற்கவேண்டும் என்று அத்திட்டம் வகுத்தது. இருக்கும் கட்டடத்திலும் ஆசிரியரைக்கொண்டும் இருமடங்கு குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று எதிர்த்தனர். இத்திட்டம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நகரத்துக் குழந்தைக்கு முழு நேரக் கல்வி, சிற்றூர்க் குழந்தைக்கு அரை நேரக் கல்வி என்னும் பாகுபாடு சென்னையில் எடுக்கப்பட்ட முடிவு. ரஞ்சன்குடி போன்ற ஊர்கள் அதில் கருத்துக் கூறும் இடத்தில் இல்லை. 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

பள்ளி ஊருக்கு வந்த காலம்

காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றிய நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையுடன் விரிவாக்கம் விரைவுற்றது. நடந்து செல்லும் தொலைவில் தொடக்கப்பள்ளி என்பது கொள்கையாயிற்று. 1956இல் மதிய உணவு தொடங்கியது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் வழி ஊரார் பலகை, கட்டடம், நிலம் ஆகியவற்றை வழங்கினர். 1960களில் பள்ளியிறுதி வரை கட்டணம் நீங்கியது. அண்டை நாடான இலங்கை, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945இலேயே இலவசக் கல்வியை ஏற்றிருந்தது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இக்காலத்தில் உணவு ஒரு கல்விக் கருவியாயிற்று. வேலைக்குச் சென்றால் கிடைக்கும் கூலிக்கு ஈடாக இல்லாவிடினும், பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் ஒருவேளை உணவுச் செலவைக் குடும்பம் தவிர்க்கலாம். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம் செய்ய இயலாததை ஒரு தட்டுச் சோறு செய்தது. 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டமாக இதனை விரிவாக்கியது. 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது.

1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து தொடக்கப்பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் வந்தன. 1981ஆம் ஆண்டு ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியரின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உறுதிபெற்றன. உள்ளூர்த் தலைவரின் விருப்பு வெறுப்புக்கு அவர் கட்டுப்படவேண்டிய நிலை நீங்கியது. பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியம்’ நிலைத்தது. அதிகாரம் மாநிலத் துறையிடம் சென்றது.

பொதுப்பட்டியலும் அதன் விளைவும்

42ஆவது திருத்தத்தால் கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாறியது. நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேற்றப்பட்டு 1977ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த இத்திருத்தத்தால் அன்று ரஞ்சன்குடியின் வகுப்பறையில் எதுவும் மாறியிருக்க முடியாது. விளைவுகள் மெல்லவே புலப்பட்டன. 86ஆவது திருத்தமும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையான கல்வியை அடிப்படை உரிமையாக்கின. பெற்றோர் நான்கில் மூன்று பங்கு இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவை அச்சட்டம் வகுத்தது. உறுப்பினருள் பாதியளவேனும் பெண்கள் இருக்கவேண்டும். திண்ணைப் பள்ளிக் காலத்து ‘ஊராரில்’ இடம்பெறாத பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் சட்டப்படி ஊராராக ஏற்கப்பட்டது இக்குழுவில்தான்.

அதே பொதுப்பட்டியலின் மற்றொரு விளைவு மேற்படிப்பில் வெளிப்பட்டது. தமிழகம் 2007இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கி, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணையே அடிப்படையாக்கியது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்பின் பொதுப்பாடத்திட்டம் நடைமுறையானது. மாநிலப் பாடத்தைச் சிறப்பாகப் படித்தால் போதும் என்னும் இவ்வுறுதி, 2017இல் நீட் தேர்வு மருத்துவச் சேர்க்கைக்குக் கட்டாயமானபோது முறிந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, மேல்நிலைத் தேர்வில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றவர். உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியும் பயனின்றி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். பள்ளி ஊருக்கு வந்துவிட்டது. அப்பள்ளிப் படிப்பின் மதிப்பு வேறோரிடத்தில் மாற்றி எழுதப்பட்டது. 2020இல் தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது இவ்விடைவெளியை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சியாகும்.

நிதியிலும் இதே இழுபறி நிலவுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ் 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை என்று கூறி, தமிழக அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பது குறித்த வேறுபாடு இதன் பின்னணி.

முடிவுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 74.32 விழுக்காடு, அரியலூரின் எழுத்தறிவு 71.34, மாநிலச் சராசரி 80.09. அரசின் விரிவாக்கம் மானாவாரிப் பகுதிகளை எட்டினாலும் காலம் தாழ்ந்தே எட்டியது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இவ்வரலாற்றை இழப்பின் வரலாறாக மட்டும் படிப்பது பிழை. திண்ணையை ஊராரே நடத்திய காலத்தில் பெண்ணுக்கும் சேரிக் குழந்தைக்கும் அங்கு இடமில்லை. ஊருக்கு வெளியே இருந்த அதிகாரமே அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதனை வெற்றியின் வரலாறாக மட்டும் படிப்பதும் பிழை. 1953இலும் 2017இலும் அதே தொலைதூர அதிகாரம், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவரின் வழியைக் குறுக்கியது. ஆகவே அதிகாரம் அருகில் இருக்கிறதா தொலைவில் இருக்கிறதா என்பதைவிட, அது யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது என்பதே அடிப்படை வினா. பெற்றோரும் பெண்களும் சட்டப்படி அமர்ந்துள்ள பள்ளி மேலாண்மைக் குழு, கட்டடப் பழுதையும் குடிநீரையும் பற்றி மட்டும் பேசும் அமைப்பாக நின்றுவிடுமா, தம் குழந்தைகளின் பாடம், தேர்வு, நிதி ஆகியவை குறித்து மேலே இருப்பவரிடம் விளக்கம் கேட்கும் அமைப்பாக வளருமா என்பதைப் பொறுத்தே இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் அமையும்.