முதுகெலும்பும் தமிழ்க் கலைச்சொல் வரலாறும்

முன்னுரை

தில்லி லோதி ரோட்டை அடுத்த லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று இயங்கி வருகிறது. அங்குத் தமிழை மொழிப்பாடமாகப் பயிலும் மாணவர், மேனிலை வகுப்பில் முதுகெலும்பின் அமைப்பை ஆங்கிலப் பாடநூலின் வழியே அறிகின்றனர். தமிழில் சொல் இல்லாமையால் நேர்ந்ததன்று இந்நிலை. முதுகெலும்புப் பகுதிகளின் பெயர்களைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாண முயற்சி

தொல்காப்பியம் எழுத்ததிகாரம், முதுகைக் குறிக்கும் 'வெரிந்' என்னும் சொல்லுக்குத் தனிப் புணர்ச்சி விதி கூறுகிறது. உறுப்புப் பெயர்கள் தமிழுக்குப் புதியன அல்ல. எனினும், மேலை உடற்கூற்றியலை முறையாகத் தமிழில் தரும் பணி யாழ்ப்பாணத்திலேயே வேர்கொண்டது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847-இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வி அளித்தார். பின்னர் அதனைத் தமிழ் வழியிலேயே நடத்தினார். ஹென்றி கிரே 1858-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் வெளிவந்தது. நூற்பெயர் முழுதும் வடசொல்லாயிருத்தல் அக்காலக் கலைச்சொல் நெறியைப் புலப்படுத்தும். இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல்லாக்கம் தமிழ் வேர்களை நாடியது.

பகுதிகளும் பெயர்களும்

முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் உருவாவது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதன்கீழ் 5, வாற்பகுதியில் 4 எனப் பெரும்பாலும் அமையும். இறுதி இரு பகுதிகளும் தனித்தனியே இணைந்துவிடுவதால், வளர்ந்தோரிடம் எண்ணிக்கை 26 ஆகிறது. கழுத்தும் இடுப்பும் முன்னோக்கியும், ஏனையவை பின்னோக்கியும் வளைந்துள்ளன.

தமிழகம் 'முள்ளெலும்பு' என்பதனை ஈழம் 'முள்ளந்தண்டென்பு' என்னும். முதுகைத் தடவின் கைக்குத் தட்டுப்படும் முள்போன்ற நீட்சியே இவ்விரு பெயர்களுக்கும் அடிப்படை. தமிழகத்தார் 'தண்டுவடம்' என்பதனை ஈழத்தார் 'முண்ணாண்' என்பர். முள், நாண் என்பன புணர்ந்த செறிவான சொல் இது. 'திருவென்பு' இலத்தீனத்தின் 'புனித எலும்பு' என்னும் பெயரையும், 'குயிலலகு' கிரேக்கத்தின் குயிற்பெயரையும் அடியொற்றியவை.

இவற்றுள் 'நாரி' தனிக்கவனத்திற்குரியது. தமிழகப் பாடநூல் 'இடுப்பு முள்ளெலும்பு' எனக் கூறுமிடத்து ஈழத்தார் 'நாரி முள்ளந்தண்டென்பு' என்பர். தமிழகத்தார்க்கு நாரி ஏட்டுச்சொல். யாழ்ப்பாணத்தார்க்கோ 'நாரி நோகுது' என நாள்தோறும் வழங்கும் பேச்சுச்சொல். எனவே, ஈழக் கலைச்சொல்லைப் பழமை நாட்டம் என ஒதுக்குதல் பொருந்தாது. நோயாளியின் வாய்ச்சொல்லே அங்குப் பாடநூலில் ஏறியுள்ளது.

முடிவுரை

ஒரே உறுப்புக்கு இரு வழக்குகள் இருத்தல் குறையன்று. ஒன்றையொன்று அறியாதிருத்தலே குறை. மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியைத் தமிழ்நாட்டரசு மேற்கொண்டுள்ள இந்நாளில், இருநாட்டுச் சொற்களையும் அருகருகே தரும் அகராதி இன்றியமையாதது. அதனைத் தொகுக்கும் கடமை மருத்துவர்க்கு மட்டுமன்றித் தமிழ்த் துறைகளுக்கும் உரியது. அஃது அமையுமாயின், லோதி ரோட்டு மாணவரும் தம் முதுகெலும்பைத் தம் மொழியில் எண்ணக் கற்பர்.