அறுவைக் கூடத்தில் இன்னொரு கண்

லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையை அடுத்திருந்த தேவாலயத்தின் மேல்மாடத்தில், பெண் நோயாளிகளுக்கென 1822இல் ஓர் அறுவைக் கூடம் அமைந்தது. சுற்றிலும் அடுக்கடுக்கான மரப்படிகள். அவற்றில் மாணவர்கள் நெருக்கியடித்து நின்று கீழே நோக்குவர். மயக்க மருந்து வழக்கிற்கு வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. மேசையில் கிடந்த ஏழைப் பெண், கத்தியின் வேதனையோடு அத்தனை கண்களையும் பொறுத்தாக வேண்டும். பின்படியில் நின்றவனுக்கோ மருத்துவரின் முதுகே பெரிதும் தெரிந்திருக்கும்.

செய்பவரின் கண் உள்ள இடத்திலேயே இன்னொரு கண்ணை வைக்கும் வாய்ப்பு 2013இல் கூகுள் கிளாஸ் வழியே வந்தது. அவ்வாண்டு ஜூனில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரஃபேல் கிராஸ்மன் அதனை அணிந்து, வயிற்றுச் சுவர் வழியே உணவூட்டும் குழாயைப் பொருத்தினார். நோயாளியின் இசைவைப் பெற்றார். முகம் படத்தில் விழாமலும் காத்தார். கருவியைவிட இந்த முன்னெச்சரிக்கையே நினைவில் நிற்கத்தக்கது. ஆகஸ்டில் ஒஹாயோவில் முழங்கால் அறுவையிலும், செப்டம்பரில் சென்னையில் ஜே.எஸ். ராஜ்குமாரின் கையிலும் அது தொடர்ந்தது. 2014 மே 22 அன்று ராயல் லண்டன் மருத்துவமனையில் ஷஃபி அகமது செய்த புற்றுநோய் அறுவையை 115 நாடுகளின் ஏறத்தாழ 13,000 மாணவர்கள் நேரலையில் கண்டனர். அவர்கள் தட்டச்சிட்ட கேள்விகள் கண்ணாடியின் ஓரத்தில் தோன்ற, அவர் வாய்மொழியாக விடையளித்தார். பழைய மேல்மாடமும் அதே நகரில்தான் இருக்கிறது.

ஆயினும் குறைகள் விரைவில் வெளிப்பட்டன. மருத்துவர் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க, கேமராவோ நேரே நோக்கியது. அறுவை விளக்கின் ஒளியில் படம் வெளுத்தது. மின்கலம் நெடுநேரம் தாங்கவில்லை. இவற்றைத் திருத்திவிடலாம். மயங்கிக் கிடப்பவரின் உடல் யாருடைய கணினி வழியே எங்கெங்கு செல்கிறது என்ற வினா அத்தகையதன்று. மருத்துவமனைகள் தயங்கியதில் நியாயம் உண்டு. 2015 ஜனவரியில் பொதுவிற்பனை நின்றது. நிறுவனங்களுக்கென 2017இல் மீண்டு வந்த வடிவத்தையும் கூகுள் 2023 மார்ச்சில் கைவிட்டது. வணிகக் கணக்கைப் பார்த்து வரும் கருவி, அதே கணக்கைப் பார்த்தே போகும்.

இதற்கிடையே கண்ணாடியின் வேலையே மாறியிருந்தது. பிறருக்குக் காட்டுவதற்கு மாறாக, மருத்துவரின் கண்ணுக்கு எட்டாததை அவருக்கே காட்டும் கருவிகள் வந்தன. 2020 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அத்தகைய ஒன்றை அணிந்தனர். முதுகெலும்பின் ஸ்கேன் படம் நோயாளியின் உடல்மீதே படிந்தாற்போல் தெரிய, திரையின் பக்கம் தலையைத் திருப்பாமல் ஆறு திருகுகளைப் பொருத்தினர்.