காட்டுக்குள் கட்டிய பாலம்



சபையும் கொந்தராத்துக்காரரும் நீதிமன்றம் போனால் யார் பக்கம் நியாயம்? வகுப்பில் நாங்கள் இதைக் கேட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் "கையெழுத்து வைத்தால் காசு கொடுக்கத்தான் வேணும் சேர்" என்பார்கள். நாங்களும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ரொக்கிங்ஹாம் கவுண்டி என்று ஓர் இடம். அந்தக் காலத்தில் அங்கே கவுண்டி என்றால் வரி அறவிட்டு, பாதை போடும் உள்ளூர் நிர்வாகம். 1924 ஜனவரி 7ஆம் திகதி, டேன் ஆற்றின் மேல் பாலம் கட்ட லூட்டன் என்ற கம்பனிக்கு அதன் சபை கொந்தராத்துக் கொடுத்தது. உறுப்பினர்கள் 5 பேர். 3 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. ஊரிலும் பெரிய எதிர்ப்பு. அடுத்த மாதமே ஆதரித்த ஒருவர் இராஜினாமாக் கடிதம் கொடுத்தார், பிறகு அதைத் திரும்பப் பெறப் பார்த்தார். அதற்குள் அவர் இடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டு, பெரும்பான்மை மாறிவிட்டது. (சபை அரசியல் எங்கும் சபை அரசியல்தான்!)

பெப்ரவரி 21இல் புதிய பெரும்பான்மை "பாலம் வேண்டாம், வேலையை நிறுத்துங்கள்" என்று தீர்மானித்து அறிவித்தது. அதுவரை கம்பனிக்குச் செலவானது ஏறத்தாழ 1,900 டொலர் மட்டும். ஆனால் கம்பனி நிறுத்தவில்லை. பாலத்துக்குப் போகும் பாதையையும் சபை கைவிட்டிருந்தது. காட்டுக்கு நடுவே பாலம் மட்டும் எழும்பியது. நவம்பரில் கம்பனி 18,301 டொலர் 7 சதம் கேட்டு வழக்குப் போட்டது.

கீழ் நீதிமன்றத்தில் கம்பனி வென்றது. 1929இல் மேன்முறையீட்டில் நீதிபதி ஜோன் பார்க்கர் அதை மாற்றினார். சபை தப்பிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தை முறித்தது முறித்ததுதான். அறிவித்தல் கிடைக்கும்வரை நடந்த வேலைக்கான செலவையும், முழுதாகக் கட்டியிருந்தால் வந்திருக்கும் இலாபத்தையும் சபை கொடுக்க வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொன்ன பிறகும் கட்டிக் கட்டி நட்டத்தைக் குவித்துவிட்டு, அதையும் கேட்க முடியாது என்றார்.

அந்தக் காசு மக்களின் வரிக்காசு. எங்கள் பார்வையில் இரண்டு பக்கமும் பிழைதான். ஆனால் சபையின் பிழை 1,900 டொலரில் நின்றிருக்கலாம். அதைப் பத்து மடங்காக்கியது கம்பனியின் பிடிவாதம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் படிப்பிக்கிறார்கள்.

பாலமா? பிற்காலத்தில் பாதையும் வந்து சேர்ந்தது. பல தசாப்தங்கள் அதன் மேல் வாகனங்கள் ஓடின.